நுகர்வோர் கேள்வி–பதில்: கைட் பாரை வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): ராமேஸ்வரத்தில் கைட்போர்டிங் (பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் 9 சதுர மீட்டரில் ஒன்று, 12 சதுர மீட்டரில் ஒன்று என்று இரண்டு கைட் மலிவாகக் கிடைத்தன. கைட்டைப் பிடித்து ஓட்டும் கன்ட்ரோல் பாரை மட்டும் அவர் தரவில்லை. புது பாரின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஒரு குழாய், நாலு கயிறு, ஒரு கொக்கி, இதற்கா இவ்வளவு? என் மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். பழைய வரைபடம் ஒன்றும் கையில் இருக்கிறது. அதில் இரண்டு கயிறுதான். நாலாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நானே செய்துவிடலாமா சார்?

பதில்: பாதியைச் செய்யலாம். மீதியைக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

முதலில் அந்த வரைபடத்தை ஓரமாக வையுங்கள். பிரான்ஸின் லெகேனூ சகோதரர்கள் காற்றடைத்த கைட்டுக்கு 1984-இல் காப்புரிமை கோரினார்கள். 1997-இல் விபிகா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. அந்தக் காலத்து பார் நீங்கள் வைத்திருக்கும் வரைபடம் போலத்தான் இருந்தது. குழாயின் இரு முனையிலும் இரண்டு கயிறு, அவ்வளவுதான். காற்று திடீரென்று ஏறினால் இழுவையைக் குறைக்க அதில் வழி கிடையாது.

இன்றைய பாரின் சங்கதியே வேறு. இரண்டு முன்கயிறுகளும் பாருக்கு மேலே ஒன்றுசேர்ந்து, பாரின் நடுத்துளை வழியாக இறங்கி, உங்கள் இடுப்பில் கட்டும் ஹார்னஸ் பட்டையின் கொக்கியில் மாட்டும் சிக்கன் லூப் என்ற வளையத்தில் முடிகின்றன. பின்கயிறுகள் இரண்டும்தான் பாரின் முனைகளில். பாரை எட்டத் தள்ளினால் பின்கயிறு தளர்ந்து இழுவை குறையும். நெஞ்சருகே இழுத்தால் கூடும். அதாவது பெரும் பாரம் பாரின் மீது ஏறாமல் நேராக உங்கள் இடுப்புக்குப் போகிறது. இரண்டு கயிற்று வரைபடத்தில் இன்னும் இரண்டைச் சேர்ப்பதால் இந்த அமைப்பு வந்துவிடாது.

அந்தச் சிக்கன் லூப்பை நொடியில் கழற்றிவிடும் குவிக் ரிலீஸ்தான் நீங்கள் செய்யக் கூடாத பாகம். அது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்கிறது. குதித்து இறங்கும்போது உங்கள் எடையைப்போல் சில மடங்கு பாரம் விழும்; அப்போது தானாகத் திறந்துவிடக் கூடாது. அதே பாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு கையால் தள்ளினால் உடனே திறந்தாக வேண்டும். பாரம் ஏற ஏற, ரிலீஸைப் பூட்டி வைக்கும் ஊசிக்கும் அது நுழையும் துளைக்கும் இடையே உராய்வும் ஏறும். அதில் நாலு மணல் துகளும் உப்பும் சேர்ந்தால், பட்டறையில் வழுக்கிக்கொண்டு திறந்த ஊசி கடலில் அசையாது. உங்கள் மாமாவின் கைவேலையை நான் குறை சொல்லவில்லை. பாரத்தோடும் மணலோடும் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கும் வசதி பட்டறையில் கிடையாது, அதுதான் பிரச்சினை. இந்த ரிலீஸுக்கென்றே ஐஎஸ்ஓ 21853 என்ற தரநிலை 2020-இல் வந்திருக்கிறது. வாங்கும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நாலு கயிற்றையும் பேர் தெரிந்த கம்பெனியின் செட்டாகவே வாங்குங்கள்.

சரி, மாமாவுக்கு என்ன வேலை? குழாய் முழுக்க அவருடையது. 12 சதுர மீட்டர் கைட்டுக்கு 50 முதல் 55 செ.மீ. நீளம் வேண்டும், 9 சதுர மீட்டர் கைட்டுக்கு 50 போதும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பார் என்றால் 50-இல் நிறுத்துங்கள். குழாய் 6061 டி6 ரக அலுமினியமாக இருக்கட்டும். ஜன்னலுக்கும் திரைச்சீலைக்கும் விற்கும் மெல்லிய குழாய் வளைந்துவிடும்.

கவனம் வேண்டிய இடம் நடுத்துளை. கைகள் இரு பக்கமும் இழுக்க, நடுத்துளை வழியாக இறங்கும் கயிற்றில் கோத்த தடுப்பு உருண்டையின் மேல் பார் நடுவில் முட்டி நிற்கும் நேரங்கள் உண்டு. அப்போது வளைவு அதிகமாக விழுவது சரியாக நடுவில். துளையும் அங்கேதான் விழுகிறது. அதிலும், கைட்டைப் பார்த்த பக்கம், உங்களைப் பார்த்த பக்கம் என்று வளைவைத் தாங்குகிற இரண்டு முகங்களையுமே அது வெட்டிவிடுகிறது. வெறும் குழாயில் துளை போட்டால் ஒருநாள் அந்த இடத்தில்தான் மடங்கும். அதனால் துளை போடுவதற்கு முன்பே, ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டி நைலான் உருளை ஒன்றை லேத்தில் கடைந்து, குழாய்க்குள் இறுக்கமாக இறக்கி அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்துத் துளையிடுங்கள். துளையின் வாய் கூர்மையாக இருந்தால் நடுக்கயிற்றை அரம் போல அறுக்கும். வாயை நன்றாக உருட்டி, வழுவழுப்பான பிளாஸ்டிக் புஷ் ஒன்றைப் பொருத்துங்கள். ஸ்டெயின்லெஸ் வளையம் போட ஆசை வரும். உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். வேண்டாம்.

முனைகளில் கயிறு சுற்றி வைக்கும் கொம்பு, மிதவை, பிடிமானத்துக்குச் சைக்கிள் ஹேண்டில்பார் டேப், இதெல்லாம் உங்கள் இஷ்டம். இடக்கைப் பக்கத்துக்குச் சிவப்பு என்ற வழக்கத்தை மட்டும் மாற்றாதீர்கள். அவசரத்தில் உங்களுக்கு உதவ ஓடி வருகிறவர் அதைப் பார்த்துத்தான் பக்கம் தெரிந்துகொள்வார்.

இன்னொன்று. ரிலீஸைத் தட்டியதும் பார் ஒரே ஒரு முன்கயிற்றின் மீது வழுக்கி மேலே ஓட வேண்டும். அப்போதுதான் கைட் காற்றை இழந்து கொடி போல விழும். அந்த ஓட்டம் கைட்டின் இறக்கை அகலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வழியில் முடிச்சோ தடுப்போ இருந்து பார் பாதியில் நின்றால், கைட் பாதி பலத்தோடு உங்களை இழுத்துக்கொண்டே போகும். வீட்டில் செய்த பார்களில் எல்லாம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

கடலுக்குப் போகும் முன் வேப்பமரக் கிளையில் பாரைக் கட்டி, ஹார்னஸோடு தொங்கி, ஒரு கையால் ரிலீஸைத் தள்ளிப் பாருங்கள். கால் தரையைத் தொடும் உயரத்திலேயே தொங்குங்கள். அடுத்து அதை நனைத்து மணலில் புரட்டி மறுபடியும் பாருங்கள்.

கணக்கு: ஐரோப்பாவில் புது பார் ஏறக்குறைய 400 முதல் 600 யூரோ. சிக்கன் லூப்போடு ரிலீஸ் மட்டும் 100 முதல் 150, கயிறு செட்டும் கிட்டத்தட்ட அவ்வளவே. மேலே கப்பல் கூலி, சுங்கம். நீங்கள் மிச்சம் பிடிப்பது அதிகம் போனால் பாதி. அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் பழைய பாரே கிடைக்கலாம். சிக்கனம் மட்டும்தான் காரணம் என்றால் அதைத் தேடுங்கள். கை துறுதுறுக்கிறது என்றால் மாமாவிடம் போங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): ஆன்லைனில் ஒரு குவிக் ரிலீஸ் வாங்கினேன். கம்பெனிப் பெயரே இல்லை. முதல் நாளே கடலில் சிக்கிக்கொண்டது. தோழர்கள் கைட்டைப் பிடித்ததால் தப்பினேன். விற்றவரிடம் கேட்டால் ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்கிறார். பூட்டும் ஊசியை அரத்தால் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர்.

பதில்: அரத்தைக் கீழே வையுங்கள்! நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், பாதிப்பு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டோ தவறாகப் பயன்படுத்தப்பட்டோ இருந்தால், விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு (குறையுள்ள பொருளால் நேர்ந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) போட முடியாது. நீங்கள் கடலில் சிக்கியது தேய்ப்பதற்கு முன்னால்தான். ஆனால் தேய்த்த ஊசியை நீட்டினால் அதை எப்படி நிரூபிப்பீர்கள்? இப்போதே பொருளை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பாரம் தொங்கவிட்டு அது சிக்குவதை வீடியோ எடுங்கள். பெட்டி, பில், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் விடாதீர்கள்.

ஏழு நாள் என்பது பொருள் பிடிக்காமல் திருப்பித் தருகிறவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. குறையுள்ள பொருளை விற்ற பொறுப்பு எட்டாம் நாள் தீர்ந்துவிடாது. 2020 மின்வணிக விதிகளின்படி, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். முதலில் அவருக்கு எழுதுங்கள். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

பணம் திரும்பி வருகிறதோ இல்லையோ, அந்த ரிலீஸை வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி (கற்பிட்டி வாசகர், இலங்கை): இங்கே மீன்பிடிச் சாமான் கடையில் 200 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் கிடைக்கிறது. கைட் கயிறும் இதே சாமான்தான் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமோ?

பதில்: சாமான் ஒன்றே என்பதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இரண்டுமே பாலிஎதிலீன் இழைதான். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று விற்கப்படுவதும் அந்த வகைதான். ஆனால் 200 இறாத்தல் என்பது 90 கிலோ சொச்சம். கைட்டின் ஒரு முன்கயிறே 300 கிலோ அளவில் தாங்கும்படி செய்யப்படுகிறது. தடித்த நூலாகப் பார்த்து எடுத்தாலும் அடுத்த சிக்கல் முனையில் காத்திருக்கிறது. இந்த இழை வழுக்கும். சாதாரண முடிச்சுப் போட்டால் பலத்தில் ஏறத்தாழ பாதி போய்விடும். அதனால்தான் கம்பெனிக் கயிற்றின் முனையில் உறை மாட்டித் தைத்திருப்பார்கள். வெப்பமும் இதற்கு ஆகாது, 145 டிகிரி வாக்கில் உருகிவிடும். பக்கத்துக் கைட்டின் கயிறு இழுவிசையில் இதன் மேல் உரசினால், அந்தச் சூட்டிலேயே அறுந்து போகும்.

நைலான் கயிறு பக்கமே போகாதீர்கள். ரப்பர் மாதிரி இழுபடும். பாரைத் திருப்பினாலும் கைட்டுக்குச் செய்தி போய்ச் சேர நேரமாகும். வைகாசியில் அங்கே காற்று தொடங்கிவிட்டால் நாள் முழுக்க அடிக்குமே, அதில் இந்த விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: பழைய பார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? வேறு கம்பெனி கைட்டுக்குப் பொருந்துமா?

பதில்: நாலு கயிற்றின் முனைகளையும் ஒரே ஆணியில் மாட்டுங்கள். முன்கயிறுகளின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரிம்மை முழுசாகத் தளர்த்தி, பாரைச் சிக்கன் லூப் வரை இழுத்துப் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே அளவு விறைப்பாக்குங்கள். நாலும் சமமாக நிற்க வேண்டும். முன்கயிறுகள்தான் அதிகப் பாரம் சுமந்து நீண்டிருக்கும். முன்கயிறு நீண்டால் பின்கயிறு குட்டை என்றுதானே அர்த்தம். கைட் பின்பக்கமாகச் சரிந்து விழத் தொடங்கும். விரற்கடை வித்தியாசம் என்றால் பின்கயிற்று முனையில் இருக்கும் முடிச்சுகளில் ஒன்றை மாற்றி மாட்டிச் சரிசெய்யலாம். இரண்டு முன்கயிறுகளே ஒன்றுக்கொன்று சமமில்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், புது செட் போட வேண்டியிருக்கும்.

நடுக்கயிற்றின் மேலுறை, துளையில் உரசும் இடத்தில் கிழிந்திருக்கிறதா பாருங்கள். கிழிந்திருந்தால் கயிற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்காக பாரையே ஒதுக்க வேண்டியதில்லை. ரிலீஸை விற்பவர் முன்னாலேயே பாரத்தோடு கழற்றிப் பாருங்கள். அதற்கு அவர் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

வேறு கம்பெனி பார் பெரும்பாலும் பொருந்தும். ஐந்தாவது கயிறு வேண்டும் என்று கேட்கும் கைட்டுகளுக்குப் பொருந்தாது. முன்கயிறு எங்கே பிரிகிறது என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கைட்டின் கையேட்டில் அதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.