புகைக்குச் சம்பளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மெல்போர்னில் வசிக்கிறேன். சமீபத்தில் வேலையாக ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வின் போயிருந்தேன். விமானம் இறங்கும்போது கீழே காடு அங்கங்கே புகைந்துகொண்டிருந்தது. விசாரித்தால், பூர்வகுடி ரேஞ்சர்களே வைத்த தீயாம், அதற்குச் சம்பளமும் உண்டாம். பண்பாடு, நிலப் பராமரிப்பு, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் ஒரே அமைப்பு நடத்துகிறது என்றார்கள். அரசு உதவித்தொகைக்கு வைத்த அழகான பெயர்தானே இது என்று அலுவலக நண்பர்கள் சிரிக்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் போனது மே, ஜூன் வாக்கில் என்று ஊகிக்கிறேன். மழை நின்று ஆளுயரப் புல் காயத் தொடங்கும் காலம். அப்போது வைக்கும் தீ முழங்கால் உயரத்தில் ஊர்ந்து, இரவுப் பனியிலோ ஓடைக்கரை ஈரத்திலோ தானே அவிந்துவிடும். அதே புல்லில் அக்டோபரில் மின்னல் விழுந்தால் வாரக்கணக்கில் எரியும். டார்வினுக்குக் கிழக்கே உள்ள அர்னெம் லேண்ட் பீடபூமியை விட்டால் வேறெங்கும் காணக் கிடைக்காத அன்பினிக் மரம் அந்தத் தீயைத் தாங்காது. பாறை ஓவியங்களும் வெப்பத்தில் உரிந்துபோகும்.

சென்ற நூற்றாண்டில் அந்தப் பீடபூமி மக்கள் மிஷன்களுக்கும் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் போய்ச்சேர்ந்தார்கள். சிறுதீ வைக்க ஆளில்லாமல் பெருந்தீ வந்தது. காடு கெட்டதற்குக் காரணம் மனிதர்கள் இல்லாமல் போனது என்பதை நம்மைப் போன்றவர்கள் ஏற்கத் தயங்குவோம். காடென்றால் ஆளை வெளியேற்றி வேலி போடுவது என்றே பழகிவிட்டோம். பர்தயல் நஜமெரெக் என்ற ஓவியர் முதுமையில் கபுல்வர்னம்யோ என்ற தன் நிலத்துக்கே திரும்பிப்போய்க் குடியேறினார். ரேஞ்சர்களை வைத்து நிலத்தைப் பராமரிக்கும் வார்டெக்கன் என்ற அமைப்பு அங்கிருந்துதான் 2007இல் உருவானது. 2009இல் அவர் இறந்தார்.

இப்போது ஹெலிகாப்டரிலிருந்தும் தீ வைக்கிறார்கள். பிங்பாங் பந்து போன்ற உருண்டைக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட், அதற்குள் ஊசியால் கொஞ்சம் கிளைகால் என்ற திரவம். போட்ட சில நொடிகளில் பற்றிக்கொள்ளும். ஆனால் எங்கே போடுவது என்பதை இயந்திரம் சொல்லாது. எந்த ஓடை எந்தக் குலத்துக்குரியது, யாரிடம் கேட்க வேண்டும், எந்தப் பாறைப்பக்கம் போகவே கூடாது என்பதைப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். நிலத்தில் கால் வைக்கும்போது முன்னோரை உரக்க அழைத்து, வந்திருப்பது இன்னார் என்று அவர்கள் மொழியில் அறிவிப்பதும் வழக்கம். பண்பாட்டை எடுத்துவிட்டால் அன்றைய வேலையே தொடங்காது.

வேலை கிடைத்தும் ஒரு சிக்கல். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்றால் குடும்பம் நகரத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் 2015இல் கபுல்வர்னம்யோவிலேயே ஒரு வகுப்பறைப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஒரே அமைப்பு ஏன் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறது என்றால், இப்படித்தான்.

பணத்துக்கு வருவோம். ஆமாம், அரசுப் பணமும் உண்டு. மெல்போர்ன் தீயணைப்பு வீரருக்கும் அரசுப் பணம்தான். அதை உங்கள் நண்பர்கள் உதவித்தொகை என்பார்களா? இன்னொரு வருமானம் கரியமிலக் கணக்கில் வருகிறது. சிறுதீ வைத்துப் பெருந்தீயைத் தடுத்தால் புகை குறையும், குறைந்த அளவுக்குப் பணம். மேற்கு அர்னெம் லேண்டில் ஏறக்குறைய 28,000 சதுர கிலோமீட்டரில் தீயை ஒழுங்குபடுத்த 2006இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். டார்வினின் எரிவாயு ஆலை 17 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் டாலர் தர வேண்டியிருந்தது. ரேஞ்சர்கள் ஆண்டுக்கு 1 லட்சம் டன் கரியமில வாயுவுக்கு ஈடான உமிழ்வைக் குறைக்க வேண்டியிருந்தது. அதிலும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே கணக்கு. தீயில் வெளியேறும் கரியமில வாயுவை அடுத்த மழைக்கு முளைக்கும் புல் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. செய்த வேலைக்குக் கூலி இது.

எனக்கு நெருடுவது வேறு. எரிவாயு விற்றவர் தன் உமிழ்வுக்கு இவர்கள் உழைப்பால் ஈடு கட்டிக்கொண்டார். ஆலையில் புகை நிற்கவில்லை. அதற்காகப் பீடபூமியில் கிடைத்த சம்பளத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்த முறை அக்டோபரில் போக நேர்ந்தால் சன்னலோர இருக்கை கேளுங்கள். கருகிய திட்டுகளுக்கு நடுவே எரியாத காடு எவ்வளவு என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.