அக்காவிடம் கேளுங்கள்: "நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது"

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு லைன் லீடராகியிருக்கிறேன். என் லைனில் நேப்பாள, இந்தோனேசிய, மியன்மார் பெண்கள், கூடவே இரண்டு மலாய்க்கார அக்காமார். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கித் தருகிறேன், முகம் கொடுத்துப் பேசுகிறேன். ஆனாலும் நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. வேற்று இனத்துக்காரி என்பதாலா, அக்கா?
- பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: இனமும் ஒரு காரணம்தான் தங்கச்சி, மழுப்ப மாட்டேன். ஆனால் பெரிய காரணம் உங்கள் கையில் இருக்கும் பேனா. யாருக்கு ஓ.டி., யாருக்கு நைட் ஷிப்ட், யார் பெயரில் ரிஜெக்ட், எல்லாம் அது எழுதுவதுதானே! தோட்டத்தில் கங்காணி செக்ரோலை, அதான் பேர் பதியும் புத்தகத்தை, திறந்ததும் நம் பாட்டிமார் வாயை மூடிக்கொண்டார்கள். அவரும் தமிழர்தான்.

1980-களில் நானும் அதே பாயான் லெப்பாஸில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் பொருத்திக்கொண்டிருந்தவள். ஃபேக்டரிக்குப் போகும் மலாய்ப் பெண்களை ஊரே 'மினா காரான்' என்று கேலி செய்த காலம். எங்கள் லைன் லீடர் ஒரு சீனப் பெண், சிரிக்கவே மாட்டார். ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே ஓ.டி. பட்டியல் சுவரில் இருக்கும், யாருக்கு எத்தனை மணி என்று எல்லாரும் பார்க்கலாம். ஒருநாள் என் தட்டில் சிப் குறைந்தது. என் பெயரை எழுதாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எண்ணினார். தட்டு சரிதான், முந்தின ஷிப்ட்காரர்கள் கூட்டி எழுதியிருந்தார்கள். "ஓகே" என்றுவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் அவரைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால், முதலில் சண்டைக்கு நின்றது ஒரு மலாய்க்கார அக்கா!

கேக் இருக்கட்டும். சம்பளச் சீட்டை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 26 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. சாதாரண நாளில் ஓ.டி.க்கு அதில் ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 காசு வர வேண்டும். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தால் நேப்பாளத்திலிருந்து வந்த பெண்ணுக்கு யார் படித்துச் சொல்வது? குறைந்திருந்தால் நீங்களே கணக்குப் பிரிவுக்குப் போங்கள்.

இந்தோனேசியப் பெண்ணை 'இந்தோன்' என்று யாராவது மட்டமாகக் கூப்பிட்டால், நம்ம ஆளாகவே இருந்தாலும், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தனியாக அழைத்துப் பேசுவது பிறகு. கேட்டவள் முன்னால் நிறுத்துவதுதான் முக்கியம்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். அவர்களுடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) யாரிடம் இருக்கிறது? 'பாதுகாப்புக்காக' ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருக்கிறது என்றால், அந்தப் பேச்சு எப்படி நிற்காமல் இருக்கும்? அடுத்தவர் கடப்பிதழைச் சட்ட அதிகாரமில்லாமல் பிடித்துவைப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். எச்.ஆரிடம் கேளுங்கள், மசியாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. உங்களுக்கும் கஷ்டம் வரலாம், தெரியும். ஆனால் அந்தப் பெண்களை முன்னால் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் பெர்மிட் கம்பெனி பெயரில்; வாயைத் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுவார்கள். குடிமக்களுக்கான நீல ஐ.சி. (அடையாள அட்டை) வைத்திருப்பவர் நீங்கள், நீங்கள் கேளுங்கள்.