பாகெத் கேட்பதற்கு முன்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவரின் வேலை காரணமாக பிரான்ஸின் லியோன் நகருக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. பள்ளியிலிருந்தே ஆங்கில வழியில் படித்தவள் நான். பிரெஞ்சையும் ஆங்கிலம் வழியாகவே ஒரு செயலியில் கற்கிறேன். பாதிச் சொற்கள் ஆங்கிலம் போலவே இருப்பதால் எளிது என்று நினைத்தேன். தெருவில் இறங்கினால் வாயடைத்துப்போகிறது. எங்கள் தெரு ரொட்டிக்கடையில் நீள ரொட்டிக்கு ‘ஒரு பாகெத், சில் வூ ப்ளே’ என்று, ‘ப்ளீஸ்’ சேர்த்துச் சரியாகத்தான் கேட்டேன். கடைக்கார அம்மாள் நிமிர்ந்து பார்த்து, ‘போன்ஜூர்!’ என்று அழுத்திச் சொன்னார். என் நிறத்தைப் பார்த்தா, உச்சரிப்பைக் கேட்டா என்று அன்று முழுவதும் மனம் அலைந்தது. எங்கே தவறுகிறேன்?

ம., லியோன்

அன்புள்ள ம.,

நிறத்தை வைத்து ஆளை எடைபோடுகிறவர்கள் அங்கும் உண்டு. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் காட்சியில் நடந்தது வேறு என்றே நினைக்கிறேன். நீங்கள் போன்ஜூர் என்ற வணக்கத்தைச் சொல்லாமல் ரொட்டி கேட்டுவிட்டீர்கள். விட்டுப்போனதை அந்த அம்மாள் எடுத்துக்கொடுத்தார். பாரிஸில் பிறந்து வளர்ந்தவர் கேட்டிருந்தாலும் அதே அழுத்தத்துடன் அதே சொல் வந்திருக்கும். ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ்’ சேர்த்தால் மரியாதை முடிந்துவிடுகிறது. பிரான்ஸில் கடைக்குள் காலெடுத்து வைத்ததும் முகமன் சொல்லியாக வேண்டும். அதன் பிறகுதான் வியாபாரம். நம்மூரில் வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று சொல்லாமல் விட்டால் எப்படி மனதில் தைக்குமோ, அப்படி.

அடுத்த முறை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரைக் கவனியுங்கள். ‘போன்ஜூர் மதாம்’ என்பார். பதில் வரும்வரை ஒரு நொடி நிற்பார். பிறகு, ‘ஒரு திரதிசியோன், ரொம்பச் சிவக்காததாக.’ அந்தப் பெயரில் விற்கும் பாகெத்தில் மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் ஈஸ்ட் இவற்றுக்கு மேல் ரசாயனம் எதுவும் சேர்க்கக் கூடாது என்று 1993-இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் ‘அவெக் செசி?’ என்று கேட்பார். ‘இதனோடு வேறு என்ன?’ என்று பொருள். ‘ஸ ஸெரா தூ’ என்றால் ‘அவ்வளவுதான்’. கிளம்பும்போது ‘போன் ழுர்னே’, நாள் நன்றாக அமையட்டும் என்று. அதே நாளில் மறுபடி போனால் ‘ரெபோன்ஜூர்’ என்று சொல்லிப்பாருங்கள். காலையில் பார்த்த முகத்தை நீங்கள் மறக்கவில்லை என்று தெரிந்து அவர் முகம் மலரும்.

சொற்களுக்கு வருகிறேன். 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தை வென்றபின் அரண்மனை, நீதிமன்றம், சமையலறை என்று எல்லா வாசல் வழியாகவும் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் போயின. பிறகு இரண்டு மொழிகளும் தத்தம் வழியில் நடந்தன. மலையாளி ‘வெள்ளம்’ என்று தண்ணீர் கேட்டால் நமக்குக் கரை உடைந்த ஆறு நினைவுக்கு வருகிறதே, அந்தக் கதைதான். ‘லிப்ரெரி’ புத்தகக் கடை, நூலகம் அல்ல. ‘லொக்காசியோன்’ என்ற பலகை வாடகைக்கு விடுவதைச் சொல்கிறது. ‘மொனே’ இருக்கிறதா என்று கேட்டால் சில்லறை கேட்கிறார்கள். உங்களிடம் காசு இருக்கிறதா என்று சந்தேகிப்பதாக எண்ணி வருந்தாதீர்கள்.

அகராதிப் பொருள் ஒன்றோடு நின்றால் உங்கள் ஊரிலேயே தடுக்கும். லியோனில் ‘பூஷோன்’ என்றால் உள்ளூர்ச் சமையல் பரிமாறும் சிறிய உணவகம். புட்டியை அடைக்கும் தக்கையும் பூஷோன்தான். காலை வானொலியில் பூஷோன் என்று சொன்னால் சாலையில் போக்குவரத்து நெரிசல்.

எனக்கு உங்கள் மேல் ஒரு சிறு ஆதங்கம். கையில் தமிழை வைத்துக்கொண்டு ஏன் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தின் வழியே சுற்றிப் போகிறீர்கள்? ‘து’, ‘வூ’ என்ற வேறுபாட்டுக்கு ஆங்கில மாணவர் மண்டையை உடைத்துக்கொள்கிறார். நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த உங்களுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அளவுகோல் வேறு. பெரும்பாலான வீடுகளில் அப்பா அம்மாவுக்கும் ‘து’தான், அறிமுகமில்லாதவர் உங்களைவிட இளையவராக இருந்தாலும் ‘வூ’. பழகிய பின் ஒருவர், ‘இனி து சொல்லிக்கொள்ளலாமா?’ என்று வாய்விட்டே கேட்பார். அப்படிக் கேட்பது நம்மிடம் அரிது. கேட்டால் மகிழுங்கள், நட்புக்கு அழைக்கிறார்.

செயலியை விட வேண்டாம். ஆனால் ஒரு காலை உங்கள் ஊர் குரோவா-ரூஸ் சந்தைக்குப் போய் முலாம்பழக்காரர் முன்னால் நில்லுங்கள். போன்ஜூர் சொல்லிவிட்டு ஒரு பழம் கேளுங்கள். ‘இன்று ராத்திரிக்கா, நாளைக்கா?’ என்று கேட்பார். நீங்கள் சொல்லும் நாளுக்கு ஏற்ப, காம்புப் பக்கம் விரலால் அழுத்தி, முகர்ந்து பார்த்து ஒன்றை எடுத்துத் தருவார். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன வாக்கியத்தைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்