கல்லூரி லேப் முழுவதற்கும் ஒரே யூசர்நேம், பாஸ்வேர்டு கொண்டுவர எல்டாப் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கே தொடங்குவது?

நீங்கள் ஏதோ ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்கிறீர்கள், ஒவ்வொரு லினக்ஸ் மெஷினாகப் போய் அக்கவுன்ட் போடும் 'யூசர்ஆட்' கமாண்டை அடித்து வெறுத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பெரிய ஐடி கம்பெனிக்காரர் என்றால் இந்தப் பதில் உங்களுக்குப் பத்தாது.

எல்டாப் (LDAP) என்பது ஆட்களின் விவரங்களை ஒரே சர்வரில் வைத்து, எல்லா மெஷினும் அங்கே கேட்டுக்கொள்ளும் முறை. பாஸ்வேர்டில் இருந்து தொடங்காதீர்கள். இந்த வேலைக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த யூசர் யார், அவருடைய யூசர் நம்பர் என்ன என்பது ஒன்று. அதை லினக்ஸில் பெயர் தேடும் பகுதியான என்எஸ்எஸ் (NSS) கேட்கிறது. அடித்த பாஸ்வேர்டு சரியா என்பது இன்னொன்று. அதை லாகினைச் சரிபார்க்கும் பகுதியான பாம் (PAM) கேட்கிறது. எல்டாப் பிறந்ததே முதல் கேள்விக்குத்தான். எக்ஸ்.500 என்ற கனமான டைரக்டரியைச் சின்ன கம்ப்யூட்டர்களில் இருந்தும் தேடிப் பார்க்க வேண்டும் என்று 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். யூடியூபில் இரண்டையும் ஒரே பிசையாகப் பிசைந்து ஊட்டுகிறார்கள். அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் சுருக்கென்றது என்று சொல்கிறேன். மேலூர் ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்தேன். நான் சேர்வதற்கு முன்பே யாரோ ஒரு வெண்டர் லேப் மெஷின் எல்லாவற்றிலும் தனித்தனியாக அக்கவுன்ட் போட்டு, சப்மிஷன் ஃபோல்டரை மட்டும், ஒரு மெஷினின் ஃபோல்டரை எல்லா மெஷினிலும் காட்டும் என்எஃப்எஸ்-ல் (NFS) பொதுவாக்கிவிட்டுப் போயிருந்தார். ஒரு நாள் ஒரு மாணவி 14-ம் மெஷினில் புரோகிராம் எழுதி சேவ் செய்கிறாள். லேப் மேடம் தன் மெஷினில் திறந்தால் அந்த ஃபைலுக்கு ஓனர் என்று ஒரு பையன் பெயர் நிற்கிறது. "காப்பி அடிச்சதும் இல்லாம அழுகை வேறயா?" என்று மேடம் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டுவிட்டார். "சார், அந்தப் பையன்கிட்ட நான் பேசினதுகூட இல்ல சார்" என்று அந்தப் பொண்ணு என்னிடம் வந்து நின்றது.

'எல்எஸ்' கமாண்டோடு மைனஸ் எல்என் போட்டுப் பார்த்தேன். பெயருக்குப் பதில் 1007 என்று வந்தது. 14-ம் மெஷினில் 1007 அந்தப் பொண்ணு. மேடம் மெஷினில் 1007 அந்தப் பையன். அக்கவுன்ட் போட்ட வரிசை மெஷினுக்கு மெஷின் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மீனாட்சியம்மன் கோயில் செருப்பு ஸ்டாண்டில் முகத்தையா பார்க்கிறார்கள்? டோக்கன் நம்பரைத்தானே பார்க்கிறார்கள். சாதாரண என்எஃப்எஸ்ஸும் அப்படித்தான். மேடத்திடம் காட்டினேன். "ஓ, சிஸ்டம் பிராப்ளமா" என்றதோடு சரி. அந்தப் பொண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் நிர்வாகம் வேறொரு வெண்டரிடம் விண்டோஸ் சர்வருக்குக் கோட்டேஷன் வாங்கியது. ஒவ்வொரு யூசருக்கும் லைசென்ஸ் என்ற வரியைப் பார்த்ததும் கரஸ்பாண்டென்ட் பேனாவை மூடிவிட்டார். ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டுவும் ஓப்பன்எல்டாப் என்ற இலவச எல்டாப் சர்வரும் போட்டு நானே செய்து முடித்தேன்.

நீங்களும் அதே பாதையில் போனால், ஓப்பன்எல்டாப்பின் சர்வர் புரோகிராமான ஸ்லாப்டி இன்ஸ்டால் ஆனதும் பேஸ், அதாவது டைரக்டரியின் உச்சிப் பெயர், என்னவென்று பாருங்கள். மெஷினுக்கு டொமைன் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் 'டிசி=நோடொமைன்' என்று தானாக வைத்துக்கொள்ளும்; ரீகான்ஃபிகர் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். உபுண்டுவில் லோக்கல் யூசர் நம்பர் 1000-ல் தொடங்கும் என்பதால் டைரக்டரி ஆட்களுக்கு 10000-க்கு மேல் கொடுங்கள். டைரக்டரியில் ஆட்களைச் சேர்க்க எழுதும் எல்டிஃப் (LDIF) ஃபைலில் வெற்று வரி விட்டால் அடுத்த என்ட்ரி என்று அர்த்தம். வரி ஸ்பேஸில் தொடங்கினால் முந்தைய வரியின் தொடர்ச்சி. எர்ரர் 49 வந்தால் பாஸ்வேர்டு தப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்படி ஒரு ஆளே டைரக்டரியில் இல்லையென்றாலும் அதே 49-தான் வரும். யார் இருக்கிறார், யார் இல்லை என்று வெளியாளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

கிளையன்ட் மெஷினில், சர்வரிடம் கேட்டு என்எஸ்எஸ்ஸுக்கும் பாமுக்கும் பதில் சொல்லும் எஸ்எஸ்எஸ்டி (SSSD) போட்டு, 'கெட்என்ட் பாஸ்டபிள்யூடி' என்று அடித்துப் பக்கத்தில் ஒரு ரோல் நம்பரைக் கொடுங்கள். 10000-க்கு மேல் நீங்கள் கொடுத்த யூசர் நம்பரோடு ஒரு வரி வரும்வரை பாம் பக்கமே போகாதீர்கள். வந்த பிறகும் லாகின் ஆகாது பாருங்கள், அங்கேதான் மண்டை காயும். எல்டாப்பின் வழக்கமான 389 போர்ட்டில் மூடாக்கு (என்கிரிப்ஷன்) இல்லாமல் பெயரைத் தேடித் தருகிற எஸ்எஸ்எஸ்டி, பாஸ்வேர்டை மட்டும் டிஎல்எஸ் (TLS) என்ற மூடாக்கு இல்லாமல் அனுப்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சர்டிஃபிகேட்டில் சர்வர் பெயர் இருக்க, கான்ஃபிக்கில் ஐபி அட்ரஸ் எழுதியிருந்தாலும் ஒத்துக்கொள்ளாது. பாம் ஃபைலைத் தொடும்போது இன்னொரு விண்டோவில் ரூட் லாகினைத் திறந்தே வைத்திருங்கள்.

லாகின் விவரத்தை மெஷினிலேயே சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் கேச்சையும் ஆன் செய்துவிடுங்கள். நம் பக்கத்து மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் சர்வர் யூபிஎஸ் கைவிட்டால்கூட, அந்த மெஷினில் ஏற்கெனவே லாகின் செய்த ஆள் உள்ளே போகலாம். புது ஆளுக்கு வழியில்லை.

"கெர்பரோஸ் இல்லாமல் இதெல்லாம் ஒரு ஆதென்டிகேஷனா", "ஃப்ரீஐபிஏ போட்டால் எல்லாம் ஒரே பொட்டலமாக வருமே" என்று சிலர் வருவார்கள். கெர்பரோஸ் என்பது பாஸ்வேர்டை அனுப்பாமல் டிக்கெட் கொடுத்து ஆளைச் சரிபார்க்கும் முறை; ஃப்ரீஐபிஏ எல்டாப், கெர்பரோஸ் இரண்டையும் சேர்த்துத் தரும் மென்பொருள். சரிதான், எனக்கும் தெரியும். ரெட்ஹாட் கம்பெனி தன் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-ம் பதிப்பிலேயே ஓப்பன்எல்டாப் சர்வரைத் தூக்கிவிட்டது என்பதும் தெரியும். ஆனால் கேட்டவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பவருக்கு அது உடைகிற அன்று எந்தப் பக்கம் கை வைப்பதென்று தெரியாது. லேப் முழுக்க விண்டோஸ் என்றால் மட்டும் நேராக மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரிக்குப் போங்கள். உள்ளே அதுவும் எல்டாப்பும் கெர்பரோஸும்தான்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்தனையும் செய்து, பிராக்டிகல் எக்ஸாம் ஒரு சிக்கல் இல்லாமல் முடிந்தது. ரெமுனரேஷன் ஷீட்டில் எக்ஸ்டர்னல் பெயர் இருந்தது, இன்டர்னல் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. கேட்டால், "நீங்க நான்-டீச்சிங் தானே, டியூட்டி டைம்ல தானே பார்த்தீங்க" என்றார்கள். அதே டியூட்டி டைமில்தான் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர் பவர் சப்ளை) வாங்க டவுன்ஹால் ரோட்டுக்கும் அனுப்புவார்கள். பஸ் காசுக்கு வவுச்சர் எழுதினால் அதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும். சர்வர் அட்மின் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி பிரின்சிபாலிடம் கொடுத்துவிட்டு, நான் அடுத்த கல்லூரிக்குப் போய்விட்டேன்.