உண்ணாமல் உழவுக்குப் போகும் கணவர்

கேள்வி: நாங்கள் விசுவமடுப் பக்கம். என் கணவர் முன்பு கசிப்புக் குடிப்பவர். சபைக்குப் போகத் தொடங்கியபின் அதை அடியோடு விட்டுவிட்டார். ஆனால் இப்போது உபவாசம் என்று இரண்டு மூன்று நாள் வெறும் தண்ணீரோடு இருக்கிறார். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர். காலபோக உழவுக்கு மெஷின் கொண்டுபோன இடத்தில் தலைசுற்றி வரம்பிலேயே இருந்துவிட்டார். பிள்ளைகள் பிளேன்ரீ குடித்தாலும், "வாயைக் கட்டத் தெரியாதோ?" என்று ஏசுகிறார். சாப்பிடுங்கோ என்றால், "இச்சையடக்கம் ஆவியின் கனி, நீ சோதனைக்காரி" என்கிறார். நான் சாப்பிடச் சொல்வது பாவமா?

பதில்: அன்புள்ள சகோதரி, பாவமே இல்லை. அந்தச் சோதனைக்காரிப் பட்டத்தை இன்றைக்கே கழற்றி வையுங்கள்.

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை அவரோடு இருந்து வாசியுங்கள். புயலில் அகப்பட்ட கப்பலில் 276 பேர். பதினான்கு நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. பவுல் அவர்களிடம், சாப்பிடுங்கள், நீங்கள் தப்பிப் பிழைக்க இது உதவும் என்று கெஞ்சுகிறார். தானே அப்பத்தை எடுத்து, எல்லோருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் பண்ணி, முதலில் சாப்பிட்டும் காட்டுகிறார். நீங்கள் சொல்வதும் அதுதானே.

இன்னொரு கதை வன்னிக் காட்டில் தேன் எடுத்துப் பழகியவர்களுக்கு நன்றாகப் பிடிபடும். 1 சாமுவேல் 14. சவுல் ராஜா யுத்த நாளில், சாயங்காலம் வரை எவனும் எதுவும் சாப்பிடக்கூடாது, சாப்பிட்டால் சாபம் என்று ஆணையிட்டு விடுகிறார். படை காட்டுக்குள் வருகிறது. தேன் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் கை வைக்கவில்லை. ஆணையைக் கேட்டிராத அவர் மகன் யோனத்தான் கோல் நுனியில் தேனைத் தோய்த்து வாயில் வைக்கிறான். அவன் கண் தெளிகிறது. விஷயம் தெரிந்ததும், என் தகப்பன் ஜனத்தைக் கலங்கப்பண்ணிவிட்டார் என்கிறான். அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் உங்கள் கணவர் கவனிக்க வேண்டும். பசியில் துவண்ட அதே ஜனங்கள் கொள்ளையடித்த ஆடுமாடுகளின்மேல் பாய்ந்து, வெட்டிய இடத்திலேயே இரத்தத்தோடு தின்றார்கள். அளவு மீறிய நோன்பு அளவு மீறிய தீனியில் போய் முடிந்தது.

எகிப்தின் பாலைவனத் துறவிகளும் இதை அனுபவத்தில் கண்டவர்கள். பல நாள் பட்டினி கிடந்து பிறகு வயிறு முட்டத் தின்பதைவிட, நாள்தோறும் கொஞ்சம் சாப்பிடுவதே மேல் என்று அவர்களின் மூத்தோர் கற்பித்தார்கள். அவர்கள் வைத்த அளவு ஒரு நாளைக்கு இரண்டு சிறு ரொட்டி. இரண்டும் சேர்ந்து ஒரு றாத்தல்கூட வராது. கடும் தவசிகள்தான், ஆனாலும் தினமும் சாப்பிட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் நோன்பைக் கட்டாயமாக்கியிருப்பது விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமே. அதுவும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு இடம் விட்டு, நோயாளிகளுக்கு விலக்கும் கொடுத்துத்தான்.

சரி, ஆவியின் கனிக்கு, அதாவது பரிசுத்த ஆவி நமக்குள் விளைவிக்கும் நற்குணங்களுக்கு, வருவோம். கலாத்தியர் 5இல் இச்சையடக்கம் கடைசியில் நிற்கிறது. அதற்கு முன்னால் அன்பு, நீடிய பொறுமை, தயவு, சாந்தம் எல்லாம் இருக்கின்றன. பிளேன்ரீக்குப் பிள்ளையை ஏசுகிற வாய்க்கு அந்தப் பட்டியலில் எங்கே இடம்? உபவாசம் இருந்துகொண்டே வழக்குக்கும் வாதுக்கும் நின்றவர்களை ஏசாயா 58 கேட்பதும் இதே கேள்விதான். அதே அதிகாரம் பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்றும் சொல்கிறது. அவர் விடுகிற ஒரு நேரச் சாப்பாட்டை அயலில் கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் அவர் பக்கம் நிற்கிறேன். கசிப்பில் அவருக்கு மட்டு என்று எதுவும் கிடையாது, முழு விலக்குத்தான். தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னாரே பவுல் என்று யாராவது சொந்தக்காரர் கலியாண வீட்டில் வசனம் பேசலாம். அது வயிற்றுக் கோளாறுக்குச் சொன்னது. குடியிலிருந்து மீண்ட மனிதனுக்கு ஒரு கிளாஸ் நீட்டச் சொன்னதல்ல. எனக்கு என்னவோ, திரும்பவும் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் அவர் இப்படி இறுக்கிப் பிடிக்கிறார் என்று படுகிறது. அதனால் கேலி செய்யாதீர்கள். குடியை விட்டது பெரிய காரியம் என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லுங்கள். பசியோடு இருக்கிற நேரத்தில் வாதாட வேண்டாம். சாப்பிட்டு ஆறியிருக்கும் ஒரு மாலையில் பேசுங்கள். முடிந்தால் போதகரும் பக்கத்தில் இருக்கட்டும். அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது போதகருக்குத் தெரியுமோ என்னவோ.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போய், எத்தனை நேரம் சாப்பிடாமல் இருக்கிறார், அந்த நாளில் குளிசை போடுகிறாரா என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டொக்டர் சரி என்று சொல்லும்வரை உபவாசம் வேண்டாம், குளிசையைத் தன்பாட்டில் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். நினைவு இருந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.