லாரிக்குப் பூ எழுதுவது வீண் செலவா?

கேள்வி: என் மகன் கடன் வாங்கி ஒரு பழைய டாரஸ் லாரி எடுத்திருக்கிறான். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) பெயிண்ட் அடிக்கும்போதே பூ, மயில், பெயர் எல்லாம் எழுத வேண்டும் என்று நிற்கிறான். சரக்கு ஏற்றுகிற வண்டிக்கு இதெல்லாம் தேவையா?
- ஒரு தாய், அவிநாசி

பதில் (திருச்செங்கோட்டில் 31 வருடமாக லாரி பெயிண்டர்):

அம்மா, கடன்காரருக்குப் பணம் கட்டணுமேங்கிற உங்க கவலை புரியுதுங்க. ஆனா வீண்னு சொல்லிடாதீங்க. லோடு கிடைச்சுட்டா உங்க பையன் படுக்கிறது, சாமி கும்பிடறது எல்லாம் அந்தக் கேபின்லதான். வெள்ளையடிக்காத வீட்டுக்கு நாம குடி போவோங்களா?

நான் தொழிலுக்கு வந்தப்ப நேஷனல் பர்மிட் வண்டின்னா பாடிக்குச் சருகு நிறம், ஓரத்துல 30 சென்டிமீட்டர் வெள்ளை பார்டர்னு சட்டமே இருந்துச்சு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இருட்டுல, வரிசையா நிக்கிற வண்டிகளுக்கு நடுவுல கிளீனர் பையன் தன் வண்டியைக் கண்டுபிடிக்கிறதே நெத்தியில, அதாவது முன் கண்ணாடிக்கு மேல, எழுதின பேரை வச்சுத்தான். அதனால பேரை மட்டும் குறைச்சுக்கச் சொல்லாதீங்க. மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். தூரத்துல இருந்தே தெரியும்.

பூவுல செலவைக் குறைக்கலாம். மயிலுக்கு எனக்கு ஒரு பகல் முழுசா போயிடும். தாமரை அப்படியில்லை. தட்டைப் பிரஷ்ல ஒரு ஓரம் வெள்ளை, மறு ஓரம் ரோஸ் எடுத்து, மணிக்கட்டை ஒரு சுத்து சுத்தினா இதழும் நிழலும் ஒரே இழுப்புல விழுந்துடும். கதவுக்கு ஒண்ணு போதும். அந்த இதழ் விழற நேரம் இன்னைக்கும் எனக்கு மூச்சு நின்னு வரும்.

முன்னாடி வெள்ளை, பக்கவாட்டுல மஞ்சள், பின்னாடி சிவப்புன்னு ஒளிரும் டேப் இருக்குமுங்க. அது மேல பிரஷ் படவே கூடாது. ஒரு ஓனர் சொன்னாருன்னு சிவப்பு டேப்பை மறைச்சு நானே பூங்கொடி வரைஞ்சேன். எஃப்.சி.யில வண்டியைத் திருப்பிட்டாங்க. என் கைக்காசுல மாத்திக் கொடுத்தேன். ராத்திரி ரோட்டோரம் நிக்கிற லாரியைப் பின்னால வர்றவனுக்குக் காட்டறது அந்த டேப்தான். பல சத்தம் போடற ஹாரனும் வேண்டாம், சட்டத்துல இடமில்லை.

ஆயுத பூஜை நெருங்கினா பட்டறையில இடம் கிடைக்காது, முன்னாடியே வரச் சொல்லுங்க. வண்டிக்கு என்ன பேருன்னு வீட்டுலயே முடிவு பண்ணிடுங்க. எத்தனை எழுத்துன்னு தெரியாம எழுத்துக்குக் கோடு போட என்னால நெத்தியில நூல் அடிக்க முடியாது.