நாய் சும்மா ஓடினால் பறவைக்கு என்ன? – கேள்வி பதில்

கடலோர ஈரநிலக் காப்பகத்துக்கு நாயை அழைத்துப் போகும் நண்பர்கள் கேட்டவை இவை. நாயோடும் தொலைநோக்கியோடும் பல வருடமாக நடப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நாய்க்கு அனுமதியில்லை என்று பலகை இருந்தால் இதெல்லாம் எதற்கு, அப்படியே திரும்பிவிடுங்கள்.

கே: என் நாய் எந்தப் பறவையையும் பிடித்ததில்லை, சும்மா துரத்தும். அதில் என்ன கெட்டுப்போகிறது?

ப: பறக்க வைப்பதே கெடுதல்தான். சேற்றில் மேயும் உள்ளான், மூக்கன் போன்ற கரைப்பறவைகள் வலசைக்குக் கொழுப்புச் சேர்க்க வந்தவை. 2022-ல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்தது. வழியில் சாப்பாடு கிடையாது, சேர்த்து வைத்த கொழுப்புதான் எல்லாம். கூட்டத்தை நாய் எழுப்பிவிடும் ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் வீணாகிறது. கடல் ஏறியிருக்கும்போது இன்னும் மோசம். சேறு முழுக்க மூழ்கியிருக்க, கிடைத்த திட்டில் நெருக்கியடித்து ஒற்றைக்காலில் ஓய்வெடுக்கும். நான் நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் கிளம்புவேன், அப்போது அவை தள்ளிப்போய் மேயும்.

கே: கூப்பிட்டால் உடனே வந்துவிடுவான் அண்ணா. லீஷ் அவசியமா?

ப: அவசியம். ஒருமுறை உப்புக்கொத்திப் பறவை ஒன்று இறக்கை முறிந்ததுபோல இழுத்துக்கொண்டு எங்கள் முன்னால் ஓடியது. நாய் அதன் பின்னால் திமிறியது. குனிந்து பார்த்தால், என் செருப்பிலிருந்து இரண்டு சாண் தள்ளி, மணலில் ஒரு சின்னக் குழி, மணல் நிறத்திலேயே மூன்று முட்டைகள். நம்மைக் கூட்டிலிருந்து திசைதிருப்ப அது ஆடும் நாடகம். கையில் கயிறு இருந்தது, தப்பித்தோம். நாம் அங்கே நிற்கும்வரை பறவை அடைகாக்கத் திரும்பாது, வெயிலில் முட்டை வெந்துவிடும். வந்த தடத்திலேயே நகர்ந்துவிட்டோம். நீண்டு சுருங்கும் லீஷ் வேண்டாம், இரண்டு மீட்டர் கயிறு போதும்.

கே: கயிற்றில் பிடித்திருந்தால் பிரச்சினை தீர்ந்ததா?

ப: பாதிதான். 2007-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், கயிற்றில் பிடித்த நாய் போன காட்டுப்பாதைகளில் பறவைகள் 41 சதவீதம் குறைவாக இருந்தன. மரம் மறைக்கும் காட்டிலேயே இப்படி, சேற்றுவெளியில் மறைவே இல்லை. பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கே: கழிவு மக்கிவிடும்தானே?

ப: மக்கும். அப்புறம் அதன் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் கலந்து பாசியை வளர்க்கும். பையில் எடுத்துப் போங்கள். பையில் கட்டிவிட்டு அதைப் புதரில் தொங்கவிடுகிறவர்களை மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கே: குளத்தில் இறங்கவிடலாமா?

ப: வேண்டாம். கழுத்தில் விடும் உண்ணி மருந்துகளில் இருக்கும் பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லிகள் நீரில் கரைந்து நீர்ப்பூச்சிகளைக் கொல்லும். நாய்க்கும் நல்லதில்லை, நீலப்பச்சைப் பாசி படர்ந்த நீர் உயிரையே வாங்கும். கரையொதுங்கிய பேத்தை மீனையும் கவ்வவிடாதீர்கள். அந்த மீனின் விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. கவ்விவிட்டால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.